ஐப்பசி மழைக்கு முன் நட வேண்டிய மூலிகை, மழை விட்டபின் விதைக்க வேண்டிய பூ

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பெருங்களத்தூரில் தனி வீடு. பின்பக்கம் 10-க்கு 14 அடி மண்தரை. காலை 11 மணி வரை வெயில், அப்புறம் பக்கத்து மாடியின் நிழல். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். 'வெப்பமான ஊர்களுக்கான இலையுதிர்கால மூலிகைத் தோட்டம்' என்று ஒரு வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு காலண்டுலா, கேமோமில், லாவண்டர், எக்கினேசியா என நாலு விதைப் பாக்கெட் வாங்கிவிட்டீர்கள். புரட்டாசி பிறந்தாச்சு, இப்போதே போடலாமா, கூடவே நம்மூர் மூலிகையில் எதெல்லாம் சேர்க்கலாம் என்கிறீர்கள்.

அந்த நாலு பாக்கெட்டையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் வைத்தியம் படித்தவன் இல்லை. கூடுவாஞ்சேரிப் பக்கம் 18 வருடமாக வீட்டுக் கொல்லையில் மூலிகை வளர்க்கிறேன், அவ்வளவுதான். அதில் முதல் நாலைந்து வருடம் நட்டதில் பாதியைக் கார்த்திகைக்குள் பறிகொடுத்தவன். அதனால் செடி எது என்பதற்கு முன்னால் காலம் எது என்று பேச வேண்டியிருக்கிறது.

அந்த வீடியோக்காரர்கள் இலையுதிர்காலம் என்று சொல்வது, கோடை தணிந்து வெயில் இதமாகி, லேசான குளிர் தொடங்குகிற காலத்தை. நமக்கு அந்த மாதங்களில் இலை எங்கே உதிர்கிறது? பழைய கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கூதிர் என்றால் மழையோடு வருகிற வாடைக்குளிர். சென்னைக்கு வருடத்தில் பெய்கிற சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. அதுவும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதில்லை. நாலைந்து தவணையில் கொட்டித் தீர்க்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். ஆக, உங்கள் கையில் இருப்பது ஒரு மாதம். இந்த ஒரு மாதத்தில் தூள் மாதிரி இருக்கிற கேமோமில் விதையைப் போட்டால், அது முளைத்து இரண்டிலை விடுகிற நேரத்தில் ஐப்பசி அடைமழை வந்து மண்ணோடு வழித்துக்கொண்டு போய்விடும். அதே ஒரு மாதத்தில் குச்சி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். புரட்டாசியில் குச்சியும் கொடியும், மழை விட்டபிறகு பூவும் பொடி விதையும் என்று நான் பிரித்துக்கொண்டது இப்படித்தான்.

நர்சரிக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. பின்பக்கத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். புதிய மனைகளில் மேலே ஒரு சாண் செம்மண் இருக்கும், கீழே வீடு கட்டும்போது கொட்டிய செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும் இருக்கும், அதற்கும் கீழே பிசுபிசுவென்று களிமண். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வற்றவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது முறை ஊற்றியது மூன்று நாலு மணி நேரம் கழித்தும் நின்றால், அந்த இடத்தில் துளசி நட்டாலும் கற்றாழை நட்டாலும் கார்த்திகையில் வேர் அழுகும். மூலிகைச் செடிகளில் முக்கால்வாசி மண் காய்ந்து கிடப்பதைத் தாங்கும், கால் ஈரமாக நிற்பதைத் தாங்காது. நல்ல மழை நாளில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். செடியை எங்கே வைப்பது என்பதை அந்தப் படம்தான் தீர்மானிக்கும்.

தேங்குகிற இடத்தில் மேட்டுப்பாத்தி போட்டுவிடலாம். மூன்றடி அகலம் போதும், இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். உயரம் ஓர் அடி. ஓரத்துக்கு ஹாலோ பிளாக் கல் அடுக்கலாம், வெட்டிப்போட்ட தென்னை மட்டை கிடைத்தால் அதுவும் ஒரு வருடத்துக்குத் தாங்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு பங்கு கரடுமுரடான மணல், பாத்திக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. நர்சரியில் எல்லோரும் கோகோபீட் கலக்கச் சொல்வார்கள். மாடித் தோட்டத்துக்குச் சித்திரை வைகாசியில் அது நல்லது. தரையில், மழைக்காலத்தில் வேண்டாம். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே உள்ள பொருள் அது. நான் முதல் வருடம் பாதிக்குப் பாதி அதைக் கலந்து கற்றாழை வைத்தேன். கார்த்திகை மூன்றாவது வாரம் மடல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பிடித்துத் தூக்கியதும் வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு மடல் மட்டும் கையோடு வந்தது, அழுகின வாடையோடு. அன்றிலிருந்து சோற்றுக்கற்றாழை எனக்குத் தொட்டிச் செடிதான். ஐப்பசி முதல் தேதி இறவாரத்துக்கு அடியில் நகர்த்திவிடுவேன்.

இனி செடிகள்.

குச்சியில் வருவதில் முதல் இடம் ஓமவல்லிக்கு. கற்பூரவல்லி என்று நீங்கள் சொல்வதும் அதுதான், இரண்டும் ஒரே செடி. ஓமம் காய்க்கிற செடி வேறு. யார் வீட்டிலாவது ஒரு சாண் தண்டு ஒடித்து வாங்கிக்கொண்டு வந்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு நாள் நிழலில் கிடக்கவிட்டு, வெட்டு காய்ந்தபிறகு ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் புதுத் தளிர் வந்துவிடும். சதைப்பற்று உள்ள தண்டு, அதனால் மேட்டுப்பாத்தியின் மேட்டுப் பக்கம் வையுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த ஒரு செடி இருந்தால் மழைக்காலம் முழுக்க வேலை இருக்கும், சளிக்குச் சாறாகவோ சாயங்காலம் பஜ்ஜியாகவோ. எங்கள் வீட்டில் பஜ்ஜிக்குப் போனதுதான் அதிகம்.

ஆடாதோடை அடுத்தது. வேலி ஓரத்துக்கு. ஆடு தொடாது என்பதால் அந்தப் பேர் என்பார்கள், கேள்வி கேட்காமல் நம்பலாம், அவ்வளவு கசப்பு. பென்சில் பருமனுக்கு முற்றின தண்டாகப் பார்த்து மூன்று நாலு கணு வருகிற மாதிரி வெட்டுங்கள். அடிப்பக்கம் சாய்வாக, நுனிப்பக்கம் நேராக வெட்டினால் எது தலை எது கால் என்று குழம்பாது. இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். வெட்டின இடத்தில் பச்சை வாடை அடிக்கும், கையில் லேசாகக் கறை படியும். புரட்டாசியில் ஊன்றினால் பத்துக்கு எட்டு பிழைக்கிறது. மாசி பங்குனியில் வெள்ளையாகப் பூக்கும், தேனீ வரும். இருமல் மருந்தில் இதற்குப் பெரிய இடம் உண்டு. ஆங்கில மருந்துக் கடையில் சளியை இளக்கக் கொடுக்கிற புரோம்ஹெக்சின், இந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றி உருவாக்கியதுதான். வீரியம் உள்ள இலை என்பதற்காக இதைச் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும். இரண்டு இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன ஆகிவிடும் என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நொச்சியும் குச்சிதான். ஆனால் செடி என்று நினைத்து நடாதீர்கள், விட்டால் பத்தடிக்குப் போகும். மூலையில் ஒன்று வைத்து, வருடத்துக்கு இரண்டு தடவை இடுப்பு உயரத்துக்குக் கவாத்து செய்துகொண்டே இருந்தால் போதும். வெட்டின தழை வீணாகாது. தலைபாரத்துக்கு வேது பிடிக்க ஒரு கொத்து, அரிசி டப்பாவில் பூச்சி வராமல் இருக்க ஒரு கொத்து. கொசுவுக்கு நல்லது என்று சென்னை மாநகராட்சியே ஒரு சமயம் வீடு வீடாக நொச்சிக் கன்று கொடுத்தது. காய்ந்த இலையைப் புகைத்தால் கொசு விலகும், உண்மை. செடி சும்மா நின்றாலே கொசு வராது என்பது ஆசை. டெங்கு பரப்புகிற கொசு முட்டையிடுவது தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுத் தண்ணீரில். மூலிகைக்காகத் தொட்டி அடுக்கி, அதிலேயே கொசுவையும் வளர்த்துவிட்டு, நிலவேம்புக் குடிநீருக்கு வரிசையில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன் எல்லாத் தட்டையும் எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள்.

நிலவேம்பு பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். சிறியாநங்கை என்று எழுதி வைத்திருந்தாலும் நர்சரியில் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். விதை முளைக்க அடம்பிடிக்கும், கன்றாகவே வாங்குங்கள். மேட்டுப்பாத்தி, அரை வெயில், உங்கள் இடத்துக்குப் பொருத்தம். மூன்று மூன்றரை மாதத்தில் பொடிப் பொடியாக, ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ வரும், அப்போது அறுத்து நிழலில் உலர்த்துவார்கள். ஆனால் அரசு மருத்துவமனையில் தருகிற நிலவேம்புக் குடிநீர் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு எல்லாம் சேர்ந்த ஒன்பது சரக்குச் சூரணம். நாலு இலையைப் பறித்துக் கொதிக்கவிட்டு அதே பேர் வைத்துக்கொள்ள முடியாது. காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கவில்லை என்றால் தோட்டத்துக்குப் போகாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

துளசிக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, மாடத்தில் உயரமாக வைத்த நம் முன்னோருக்கு வடிகால் பற்றித் தெரிந்திருக்கிறது. கதிர் விட விடக் கிள்ளிவிடுங்கள், இலை நிறைய வரும்.

வேலிக்கு மூன்று கொடி. தூதுவளை, முடக்கத்தான், சங்குப்பூ.

தூதுவளைக்குத் தண்டு, இலைக்காம்பு, இலையின் முதுகு நரம்பு எல்லாவற்றிலும் கொக்கி முள். பிள்ளைகள் ஓடியாடும் பக்கம் வேண்டாம், பின்சுவர் ஓரமாக ஒரு கயிறு கட்டி ஏற்றிவிடுங்கள். மழை ஈரத்தில்தான் இது இளந்தளிராகத் தழைக்கும், சளி பிடிக்கிற காலமும் அதுதான். பறிக்கும்போது கத்தரிக்கோலால் காம்போடு வெட்டி, முதுகுப்பக்கத்து முள்ளை விரலால் காம்பிலிருந்து நுனிக்கு வழித்து எடுத்துவிட்டு நெய்யில் வதக்குங்கள். மிளகு, புளி, உளுந்து சேர்த்து அரைத்த துவையலுக்குச் சூடான சோறு கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

முடக்கத்தான் விதை போட்டால் போதும், பிறகு அதை நிறுத்துவதுதான் பாடு. பலூன் மாதிரிக் காய், உள்ளே கறுப்பு விதை, விதையில் வெள்ளையாக இதய வடிவப் புள்ளி. பிள்ளைகளுக்கு அதை உரித்துக் காட்டுங்கள், அப்புறம் அவர்களே உங்களுக்கு விதை சேகரித்துத் தருவார்கள். காய் பழுப்பாவதற்குள் பறித்துவிடவில்லை என்றால் அடுத்த வருடம் பக்கத்து மனை முழுக்க முடக்கத்தான்தான். தோசை மாவில் அரைத்துக் கலப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

சங்குப்பூ விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். அவரைக் குடும்பம், அதனால் மண்ணுக்கும் தழைச்சத்து சேரும். நீலப்பூ போட்ட வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறுவதைப் பிள்ளைகள் பத்து தடவை செய்யச் சொல்வார்கள். அதற்கு மேல் பெரிய மருத்துவக் குணமெல்லாம் அந்த டீயில் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது நீங்கள் வரைந்த படத்தில் தண்ணீர் தேங்குகிற அந்தப் பள்ளத்துக்கு வாருங்கள். அதை மேடாக்க முடியவில்லை என்றால் அப்படியே விடுங்கள், அது வல்லாரைக்கு. மதியத்துக்கு மேல் நிழல், கீழே ஈரம், வேறென்ன வேண்டும். ஒரு கைப்பிடி ஓடுதண்டு வாங்கி நாலு இடத்தில் அழுத்திவிட்டால் தை மாதத்துக்குள் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். வல்லாரைக்கு இலை சிறுநீரக வடிவம், காம்பு அந்தப் பிளவில் வந்து சேரும். காசு மாதிரி முழு வட்ட இலையில் காம்பு நட்டநடுவில் குடைக்கம்பி போலச் சேர்ந்திருந்தால் அது தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற நீர்ச்செடி. அதையும் வல்லாரை என்றே விற்கிறார்கள். சாக்கடை ஓரத்து வல்லாரை செழிப்பாக இருக்கும், தொடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் துவையல், இல்லையென்றால் யாழ்ப்பாணத்தார் செய்கிற மாதிரி பச்சையாகப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவும் எலுமிச்சையும் சேர்த்துச் சம்பல்.

அதே ஈரத்தில் நீர்ப்பிரமியும் பொடுதலையும் வரும். கரிசலாங்கண்ணி நீங்கள் நடாமலே வரும். அதைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மஞ்சள் கரிசாலை, அதாவது கரிசலாங்கண்ணியில் மஞ்சள் பூ வகை, வேண்டும் என்று ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு நர்சரியில் நாலு கன்று வாங்கினேன். என்ன செழிப்பு! ஆறே மாதத்தில் பாத்தியைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது. பளபளவென்று இலை, பெரிய மஞ்சள் பூ. பொரியல் செய்து தின்றும் பார்த்தோம், ருசி சரியில்லை. சித்த மருத்துவம் படிக்கிற உறவுக்காரப் பெண் ஒரு நாள் வந்தாள், பார்த்ததும் சிரித்துவிட்டாள். "மாமா, இது ரோட்டு நடுவுல அழகுக்கு வைக்கிற செடி." இலை மூன்று மடலாகப் பிளந்திருந்ததைக் காட்டினாள். நிஜ மஞ்சள் கரிசாலைக்கு இலை நீளமாக, குறுகலாக, மடல் பிரியாமல் இருக்கும், பூவும் சின்னது. இவ்வளவு வேகமாகவும் பரவாது. அதே கொல்லையில் குழாயடியில் களை என்று நான் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைப்பூச் செடியைக் கிள்ளி, என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னாள். பச்சையாக ஈரம் படிந்தது. பேசிக்கொண்டே இருந்தோம், கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கறுத்துவிட்டது. இரண்டு நாள் போகவில்லை. அதுதான் வெள்ளைக் கரிசலாங்கண்ணி, தலை எண்ணெய்க்குக் காய்ச்சுகிற சரக்கு. காசு கொடுத்து வாங்கினது பொய், பிடுங்கி எறிந்தது மெய்.

கீழாநெல்லியும் அப்படி வருவதுதான். முதல் மழைக்குப் பிறகு தொட்டி ஓரத்தில், செங்கல் இடுக்கில் எல்லாம் முளைத்திருக்கும். இலைக்காம்புக்கு அடியில் வரிசையாகக் கடுகு மாதிரிக் காய் தொங்கும். தண்டு செந்நிறமாக, காய் சொரசொரப்பாக, காம்பில்லாமல் ஒட்டினாற்போல் இருந்தால் அது அதே குடும்பத்து வேறொரு செடி. மஞ்சள் காமாலைக்கு இது கண்கண்ட மருந்து என்பது ஊரறிந்த பேச்சு. 1988-இல் சென்னையில் கல்லீரல் அழற்சி பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது, பலருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்ததாக. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் வரவில்லை. காமாலை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, பல நோய்களின் அடையாளம். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், அதைக் கீழாநெல்லி கரைக்காது. செடியைப் பிடுங்காமல் விடுங்கள், அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். கண் மஞ்சளானால் மட்டும் முதலில் டாக்டர்.

செடியைச் சரியாக அடையாளம் காணப் பழக வேண்டுமானால் படம் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பது மேல். உங்களுக்குத் தாம்பரம் சானடோரியம் பக்கம்தான், அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் மூலிகைத் தோட்டமே உண்டு. ஒரு தடவை போய் இலையைத் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு வந்தால் நர்சரிக்காரர் சொல்லுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

பூவுக்கு வருவோம். நம் கூதிர்காலத்தின் பூ எது என்றால், காந்தள். கார்த்திகையில் வேலி மேல் தீ வைத்த மாதிரி பூக்கிறது, கார்த்திகைப்பூ என்றே பெயர். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகப் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள், விதையிலிருந்து எடுக்கிற கோல்கிசின் கீல்வாத மருந்து. மருந்துப்பூ என்று உங்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். கிழங்கு உயிரை எடுக்கும். கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று சொல்வது இதைத்தான். தோண்டினால் ஏதோ சாப்பிடுகிற கிழங்கு மாதிரியே இருக்கும். பிள்ளைகள் விளையாடுகிற மண்ணில் அதைப் புதைத்து வைப்பதா?

நித்தியகல்யாணி இதே வரிசை, ஆனால் கொஞ்சம் சாதுவான முகம். ரத்தப்புற்றுக்குக் கொடுக்கிற வின்கிரிஸ்டின் இதிலிருந்துதான் வருகிறது. கிலோக் கணக்கான இலையிலிருந்து அணுவளவு பிரித்தெடுத்து, அளந்து, ஊசியாகப் போடுகிற மருந்து அது. சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் நாலு பூவைப் பறித்து வாயில் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அழகுக்கு வைப்பதென்றால் தை பிறந்தபிறகு வையுங்கள். அடைமழையில் தண்டு கறுத்து மூன்றே நாளில் தலை சாயும்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்கிற பூ செம்பருத்தி. ஐந்து இதழ் சிவப்பு ஒற்றை, நாட்டு ரகம். அடுக்கு ரகம் பார்க்க அழகு, மழையில் மொட்டு நனைந்து விரியாமலே உதிரும். மழைக்கு முன் நட்டுவிடுங்கள். மழை விட்டு வெயில் ஏறும்போது மாவுப்பூச்சி வரும், வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி அடியுங்கள். அடித்த வாரத்தில் பூ பறித்துத் தின்ன வேண்டாம்.

சாமந்தி பொழுது சுருங்கினால்தான் மொட்டு வைக்கிற செடி. அதனால்தான் கார்த்திகை தொடங்கித் தை வரை அதன் காலம். ஐப்பசிக் கடைசியில் மொட்டோடு தொட்டிச் செடி வரும், அப்போது வாங்குங்கள். எங்கள் வீட்டில் கேட் பக்கம் வைத்தது பூக்கவே இல்லை, பின்பக்கம் வைத்த அதே செடி குலுங்கியது. தெருவிளக்கு விடிய விடிய எரிந்ததில் அதற்கு இரவு எது என்றே தெரியவில்லை. உங்கள் பின்பக்கத்தில் விளக்குப் போட்டு வைக்கிற வழக்கம் இருந்தால் கவனியுங்கள்.

செண்டுமல்லி விதையைக் கார்த்திகை தொடக்கத்தில் தூற்றல் படாத இடத்தில் தட்டில் போட்டு நாற்றாக்கி நட்டால் பொங்கலுக்குப் பூத்துவிடும், 60 நாள் கணக்கு. வேரிலிருந்து சுரப்பது மண்ணில் உள்ள நூற்புழுவைக் குறைக்கும், அதனால் துளசிக்கு நடுநடுவே வைக்கலாம். ஆனால் இங்கே ஒரு பெயர்க் குழப்பம். வெளிநாட்டு வீடியோவில் காயத்துக்குக் களிம்பு செய்கிற 'மேரிகோல்ட்' நம் செண்டுமல்லி இல்லை, அது காலண்டுலா. நம் செண்டுமல்லியை எண்ணெயில் ஊறவைத்துக் குழந்தையின் தோலில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடி, பெயர் மட்டும் ஒன்று.

மழை மாதத்தில் இலையைவிட நத்தைதான் அதிகம் இருக்கும். பெரிய ஆப்பிரிக்க நத்தை, ஓர் இரவில் வல்லாரைப் பாத்தியை மொட்டையடித்துவிடும். சாயங்காலம் ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளி இலை போட்டு வையுங்கள், எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் அங்கே கூடியிருக்கும். உறை போட்டுக்கொண்டு பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் வேண்டாம், அதன் சளியில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

இன்னொன்று, நர்சரியிலிருந்து வந்த எந்தச் செடியின் இலையையும் முதல் ஒரு மாதம் தின்னாதீர்கள். என்ன மருந்து அடித்தார்கள் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. பழைய இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, உங்கள் மண்ணில் வந்த புதுத் தளிரைப் பறியுங்கள். மஞ்சளும் இஞ்சியும் இப்போது நடுகிறவை இல்லை, சித்திரையில் போட்டிருக்க வேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம். வெட்டிவேர் மட்டும் நாலு தூர் வாங்கி மேட்டுப்பாத்தி ஓரத்தில் ஊன்றுங்கள், மழையில் கரை சரியாமல் பிடித்துக்கொள்ளும். கடலூர்க் கடலோர மணலில் பயிராகிறது, வருடம் திரும்பினதும் அகழ்ந்து எடுப்பார்கள். உங்கள் களிமண்ணில் வேர் பறிப்பது கஷ்டம், கரைக்காக மட்டும் வையுங்கள்.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். 2015-இல் டிசம்பர் முதல் தேதி கொட்டினதும் கார்த்திகையில்தான். அதனால் மார்கழி பிறந்தபிறகு ஃப்ரிட்ஜைத் திறங்கள். காலண்டுலாவை அரை அங்குலம் ஆழத்தில் தொட்டியில் போடுங்கள். ராத்திரிக் குளிர் இருக்கிற அந்த ஆறேழு வாரம் அதற்கு ஒத்துக்கொள்ளும், மாசியில் பூக்கும், பங்குனி வெயிலில் கருகும். அதுதான் அதன் ஆயுள், வருத்தப்படாதீர்கள். கேமோமில் விதைக்கு வெளிச்சம் பட வேண்டும், மண்ணை மூடாமல் மேலே தூவி, தெளிப்பானில் தண்ணீர் காட்டுங்கள். எனக்கு இரண்டு வருடம் வந்தது, ஒரு வருடம் வரவில்லை, வந்த வருடமும் டீக்கு மூன்று தம்ளர் அளவுக்குத்தான் பூ கிடைத்தது. எக்கினேசியா முளைக்கக் குளிர் கேட்கும், பூக்கப் பெரும்பாலும் இரண்டாவது வருடம் ஆகும், நடுவில் நம் சித்திரை இருக்கிறது. லாவண்டர் பாக்கெட்டைப் பிரிக்காமல், கொடைக்கானலில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.